ஊருக்கு வருமுன் சிரட்டைகளைக் கவிழ்க்கச் சொல்லுங்கள்

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, களியக்காவிளை தாண்டிக் குமரி மாவட்டத்துக்குள் நுழைந்ததும், வெளிநாட்டில் வாழும் நம்மில் பாதிப்பேர் சொல்வது: "நம்ம ஊரு தண்ணி நமக்கு ஒண்ணும் செய்யாது." நானும் சொல்லியிருக்கிறேன். சொன்ன மூன்றாம் நாள் கட்டிலுக்கும் கழிப்பறைக்குமாக நடந்தும் இருக்கிறேன். பல வருடம் வளைகுடாவில் கிடந்த வயிறு வீட்டுக் கிணற்றை மறந்துவிடுகிறது. அங்கே பிறந்த பிள்ளைகளின் வயிற்றுக்கோ மறப்பதற்கே ஒன்றும் இல்லை.

ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலையையே பாருங்கள். ஊரிலேயே வளர்ந்த பலருக்கு அது சிறுவயதிலேயே வந்து போயிருக்கும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது. பிள்ளைகளுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு குடும்ப மருத்துவரிடம் போய் ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு தடுப்பூசிகளைக் கேளுங்கள். புறப்படுவதற்கு 2 வாரம் முன்பாவது போட்டிருந்தால் நல்லது. கைக்குழந்தை இருந்தால் தட்டம்மை ஊசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு கூத்து உண்டு. தண்ணீரைச் சிவப்பாக்கும் பதிமுகமோ சீரகமோ போட்டுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைப்பார்கள். பிறகு, சூடு தாங்காதே என்று அதிலேயே பாதிக்குப் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள்! கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதுதான் நடக்கிறது. நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், தானாக ஆறிய தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். நுங்கு சர்பத்தில் நுங்கின் மேல் குற்றமில்லை, ஐஸ்தான் வில்லன். மட்டி வாழைப்பழத்தைத் தோலுரித்துத் தாராளமாகச் சாப்பிடலாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைத் தூள். மலத்தில் ரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஸ்டோரில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை வரும். பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் வந்தால் தென்மேற்குப் பருவம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ கிறிஸ்துமஸுக்கோ வந்தால் வடகிழக்கின் ஈரம். எப்போது வந்தாலும் டெங்கு கொசுவுக்கு வாய்ப்புண்டு. குலசேகரம், அருமனை பக்கம் வீடென்றால் ரப்பர் தோட்டம் கொல்லையிலேயே தொடங்கிவிடும். மழையில் பால்வெட்டு நின்றுபோனால், ரப்பர் பால் வடிய மரத்தில் மாட்டிய சிரட்டை (தேங்காய் ஓடு) ஒவ்வொன்றும் குட்டிக் குளம்தான். முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். அதனால் ஊருக்குப் போன் செய்யும்போது "என்ன கொண்டு வரணும்?" என்று கேட்பதோடு சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கவும் சொல்லுங்கள். மொட்டைமாடித் தொட்டியை மூடுவதும், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டைக் கவிழ்ப்பதும் அதோடு சேர்ந்தவை. இந்தக் கொசு பகலில் கடிக்கும். இரவு வலை மட்டும் கட்டிவிட்டு, காலையில் பிள்ளையை அரைக்கால் சட்டையோடு தோட்டத்துக்கு அனுப்பினால் பயனில்லை.

டெங்குவில் ஏமாற்றும் நேரம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும். "விட்டாச்சு மக்கா, இனி பயமில்ல" என்று ஆச்சி கஞ்சி கொடுப்பார். ஆபத்து தலைகாட்டுவதும் அப்போதுதான். அடுத்த ஓரிரு நாளில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுத்த மலம், பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். காய்ச்சலுக்கு அளவோடு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும். "வலிக்கு ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்று நச்சரிக்கவும் வேண்டாம். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களை நான் தடுக்கப் போவதில்லை, அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதவரை.

எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் காலில் உள்ள கீறல் வழியாக ஏறும். வயலிலோ தேங்கிய மழைநீரிலோ வெறுங்காலோடு இறங்குவது நம்மவர்களுக்கு ஒரு ஏக்கம்; புண் இருந்தால் அந்த ஏக்கத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே வலித்தால் வயலில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். புதருக்குள் நடந்தபின் காய்ச்சல் வந்தால் அக்குளையும் இடுப்பு மடிப்பையும் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம்.

நாய் கடித்தாலும் பிறாண்டினாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் அப்பக்கூடாது. அன்றைக்கே ஊசி, அரசு மருத்துவமனையில் இலவசம். ஊசிகள் முடியுமுன் விமானம் ஏற வேண்டியிருந்தால் ஊசி போட்ட சீட்டைக் கையோடு எடுத்துப்போய் மீதியை அங்கே போடுங்கள்.

திரும்பியபின் வரும் காய்ச்சலையும் கணக்கில் வையுங்கள். டெங்கு கடிபட்ட 4 முதல் 10 நாளுக்குள் வரும். டைபாய்டும் எலிக்காய்ச்சலும் ஒரு மாதம் வரை எடுக்கலாம். ஹெபடைடிஸ் ஏ 50 நாள் வரை. டொரோண்டோவிலோ தோஹாவிலோ இருக்கும் மருத்துவர் முதலில் சாதாரண ஃப்ளூ என்றுதான் நினைப்பார். எந்தத் தேதியில் ஊருக்குப் போனீர்கள், எங்கே குளித்தீர்கள், எந்தத் தண்ணீரில் கால் வைத்தீர்கள் என்பதை அவர் கேட்குமுன்னே சொல்லிவிடுங்கள்.