காது மெசின்: புரோகிராம் மாற்றுவதில் நான் விட்ட பிழைகள்

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு காக்கா சாரம் மூட்ட வந்தார். இரண்டு காதிலும் புது மெசின். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்ல அமைதியா இருக்கு தம்பி” என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. 11 வருடத்துக்கு முன் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கழற்றாமல் குளிப்பது, பற்றரியை மாறிப் போடுவது எல்லாம் ஒரு தரம் பட்டால் தெளிந்துவிடும், அவற்றை விடுவோம்.

சந்தைக்குரியதை வீட்டிலும் விட்டுவைப்பது

என் மெசினில் ஒன்றாம் நம்பர் புரோகிராம் அன்றாடத்துக்கு. எல்லாப் பக்கமும் கேட்கும். இரண்டாம் நம்பர் இரைச்சலான இடத்துக்கு. அதில் முன், பின் மைக்குகள் இரண்டும் சேர்ந்து, முகத்துக்கு நேரே வரும் பேச்சை எடுத்துப் பின்னால் வருவதைக் குறைக்கும். மோட்டார் மாதிரி ஒரே சீராக இரைவதையும் அமுக்கும்.

புதிதாகப் போட்டவருக்கு இது சொர்க்கம்தான். பல வருடமாகச் சத்தத்தை மறந்துபோன மூளைக்கு ஃபேன் இரைவது, பிளேன்ரீக் கோப்பையில் கரண்டி தட்டுவது எல்லாமே எரிச்சல். பட்டனை ஒரு தரம் அமத்தினால் எரிச்சல் பாதியாகிவிடும். பிறகு யார் அதை மாற்றப் போகிறார்கள்?

நான் தையற்காரன். அப்போது என் தையல் மெசின் சுவரைப் பார்த்தபடி இருந்தது, வாசல் முதுகுப் பக்கம். இரண்டாம் நம்பரில் மெசினின் கடகடப்பு அடங்கிவிட, நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று “அண்ணை, அண்ணை” என்று கூப்பிட்டவர்கள் துணியோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டதாகப் பக்கத்துக் கடையில் பேச்சு. காது மெசினுக்கு வலு காணாது என்றுதான் நான் நினைத்தேன். வாங்கின இடத்தில் போய்ச் சொன்னேன். காதையும் பார்க்கவில்லை, மெசினைக் கணினியில் கொழுவியும் பார்க்கவில்லை. இதைவிட விலை கூடின சோடி இருக்கிறது என்றார்கள். கடன்பட்டு வாங்கினேன். வாங்கி, அதையும் இரண்டாம் நம்பரில் விட்டுக்கொண்டு திரிந்தேன்!

ஒரு வருடம் கழித்து வேறோர் இடத்தில் ஒரு பிள்ளை என் பழைய சோடியைக் கணினியில் கொழுவினாள். எந்தப் புரோகிராமில் எவ்வளவு நேரம் ஓடியது என்று மெசினே பதிந்துவைக்குமாம். பத்தில் ஒன்பது பங்கு இரண்டாம் நம்பர். “ஐயா, இதுல ஒரு பிழையும் இல்லையே” என்றாள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கடனைக் கட்டி முடிக்க எனக்கு இரண்டு தீபாவளி போனது. இப்பவும் நினைத்தால் வயிறு எரியும்.

ஆகவே வீட்டில், கடையில், முக்கியமாகத் தெருவில், ஒன்றாம் நம்பர். பின்னால் வரும் ஓட்டோ கேட்க வேண்டும். முதல் சில கிழமை எரிச்சல் இருக்கும், மூளை மெல்ல மெல்லப் பழகும். பழகாவிட்டால் ‘சத்தம் கூட’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘கரண்டிச் சத்தம் குத்துகிறது’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அதைமட்டும் தணித்துத் தர வழி இருக்கிறது. புது மெசின் வாங்கச் சொன்னால், முதலில் பழையதைக் கொழுவிப் பார்க்கக் கேளுங்கள்.

காக்காவுக்கு ஒன்றாம் நம்பருக்கு மாற்றிக் காட்டினேன். சாரம் வாங்க வந்தபோது முறைப்பாடு: “இப்ப ஃபேன் இரையுது தம்பி.” இரையட்டும் என்றேன். நான் என் தையல் மெசினை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக் கனகாலம்.

இரைச்சலைப் பார்த்து உட்காருவது

கல்யாண மண்டபத்தில் இரண்டாம் நம்பர் சரி. ஆனால் ஸ்பீக்கர் பெட்டி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பேசுகிறவர் முகத்துக்கு நேரே.

நாதஸ்வரத்தை விசிலாக்குவது

பத்திரகாளி அம்பாள் கோயிலில் நாதஸ்வரக்காரர் நீட்டிப் பிடித்த சுரம் என் காதில் நடுங்கியது. அவருக்கு மூச்சுப் போதவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீளமான ஒற்றைச் சுரத்தை மெசின் தன்னுடைய கீச்சென்ற விசில் என்று எண்ணி அடக்கப் பார்க்கும். சுருதிப்பெட்டியை ஃபேன் என்று எண்ணும். இந்த இரண்டு வேலையையும் குறைத்து, இசைக்கென்று தனிப் புரோகிராம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஒரு காதில் ஒன்று, மறு காதில் இரண்டு

சில மெசின்களில் இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டும். பீப் சத்தத்தை எண்ணுங்கள்.

கச்சான் காற்றில் இரண்டாம் நம்பர்

கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது காற்று இரைகிறதென்று அதைப் போட்டால் இன்னும் மோசம். முன் பின் மைக்குகள் சேர்ந்து வேலை செய்யும்போது காற்று இரைச்சல்தான் கூடும். ஒன்றாம் நம்பருக்கு மாற்றி, தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள். மான் நிற்கிற இடம் வந்தால் நின்று மூச்சு வாங்கலாம், அது வேறு கதை.

போனைக் காதுத் துளையில் வைப்பது

காதுக்குப் பின்னால் மாட்டும் மெசினில் மைக் காதுக்கு மேலே இருக்கிறது. போனை அங்கே வையுங்கள்.