சோலையோரக் காட்டேஜ்: அழகுக்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சோலையை ஒட்டி ரிசார்ட் கட்டுகிறவர்கள் சரிவை வெட்டித் தளம் எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டிய மண் இளகிச் சரியும். கருங்கல் தூண்களின் மேல் தரையை 2 அடி தூக்கினால் தண்ணீர் அடியில் ஓடிவிடும், பலகைக்கும் காற்று கிடைக்கும்.

நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் குடிலில் உள்ள வளைகூரை பார்க்க அருமைதான். அதையே வெறும் தகரத்தில் செய்தால் மழைச் சத்தத்தில் விருந்தினர் தூங்க முடியாது. அடியில் ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு போன்ற பாறைப் பஞ்சு) வைத்துப் பலகை அடியுங்கள். ஓடு என்றால் சரிவு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது, இறவாரம் 3 அடி நீளட்டும்.

உள்ளே பெரிய தலைவலி அலமாரி. வெளிச்சுவரோடு ஒட்டினால், அறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளியாகும்; துணியெல்லாம் பூசணம். உள்சுவரில் வையுங்கள். முடியாவிட்டால் பின்னால் 2 அங்குலம் இடைவெளி, கதவில் காற்றுப் புகச் சாய்சட்டம் (லூவர்). குளியலறை எக்சாஸ்ட் ஃபேன் நேராக வெளியே ஊத வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டுவிட்டு ஒழுகுகிறது என்று கூரையைத் திட்டுகிறார்கள்!

நாற்காலிக்குத் தேக்கு எதற்கு? காட்டைக் கெடுக்கும் உண்ணிச்செடியே (லாண்டனா) போதும். குச்சியை வேகவைத்து, தோலுரித்து, சூடு ஆறுவதற்குள் வளையுங்கள், ஆறினால் முறியும். இரும்பு ஆணி துருவேறிக் கறை விடும், எவர்சில்வர் திருகே போடுங்கள்.