ஒருசந்தியும் ஒரு சட்டி கோழிக் கறியும்

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் ‘என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்’ என்கிறார். இதை உடம்பை வதைக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்பவர்கள், 6ஆம் அதிகாரத்தில் அவரே சரீரத்தைப் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று சொல்லியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஒடுக்குவதைப் பற்றிப் பேசுமுன் அவர் காட்டுவது பந்தயத்தில் ஓடுகிறவனை; ஓடுகிறவன் உடம்பை வெறுப்பதில்லை, பழக்குகிறான்.

கத்தோலிக்க ஒழுங்கின்படி இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கும், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் வரும் ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரு வேளை மட்டும் வயிறார உண்ணும் நோன்பு, 18 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்கும் உரியது. நோயாளிகளுக்கு விலக்குண்டு, நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால், வெள்ளி முழுவதும் இறைச்சியைத் தவிர்த்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு கொத்து ரொட்டியும் பொரித்த கோழியுமாக அதற்கு ஈடுகட்டுவது கொழும்பின் கொட்டாஞ்சேனையில் புதிய காட்சியல்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தக் கறியை வீட்டிலேயே வையுங்கள்.

நான்கு பேருக்கு எலும்போடு 600 கிராம் கோழி இறைச்சி போதும். தோலை உரித்து, கழுத்தோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பையும் கத்தி நுனியால் எடுத்துவிட்டு, சிறு துண்டுகளாக வெட்டி, உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி வறுத்த கறித்தூள் ஆகியவற்றைப் பிரட்டிக் கால் மணி நேரம் வையுங்கள். சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் விட்டு, சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, விரலளவு ரம்பை இலை, ஒரு துண்டு கறுவாப்பட்டை என்பவற்றை வதக்குங்கள். அடி பிடித்தால் எண்ணெயை ஊற்றாமல் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்தால் போதும். பிறகு இறைச்சியைப் போட்டு, அதன் நிறம் மாறியதும் ஒரு கோப்பை இரண்டாம் தேங்காய்ப் பாலை ஊற்றி, மூடி, இளந்தீயில் 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். எலும்போரத்தில் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. கடைசியாகக் கால் கோப்பை முதற்பாலைச் சேர்த்து, கொதித்துத் திரையுமுன் இறக்கி, தேசிக்காய்ப் புளி விடுங்கள். முதற்பாலையும் விலக்கினால்தான் ஒறுத்தல் என்று சிலர் சொல்வார்கள். ருசியைக் கொன்ற கறி யாரையும் கடைச் சாப்பாட்டிலிருந்து மீட்டதில்லை.

உண்மையான பயிற்சி இனித்தான் வருகிறது. சட்டியை மேசைக்குக் கொண்டுவராமல், ஒவ்வொரு தட்டிலும் ஒரு தரம் மட்டும் பரிமாறி, மிஞ்சியதை உட்காருமுன்பே வேறு பாத்திரத்தில் இட்டு மூடி, சூடு தணிந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கொழும்பு வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடலாகாது. முதல் ஞாயிறு நான் அந்த மூடியை இரண்டு தரம் திறந்தேன்.