கேடயத்தில் சிலுவை வரையலாம்: கட்டத்தாளில் ஒரு தொடக்கம்

ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டில் வீரர்கள் தம் கேடயங்களில் அடையாளம் தீட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஹெரால்ட்ரி என்னும் குலச்சின்னக் கலையில், சிலுவைக்கு மட்டும் ஏராளமான வகைகள் உண்டு. பெயர்ப்பட்டியலிலிருந்து தொடங்குபவர்கள் பாதியிலேயே மலைத்துப் போகிறார்கள். சிலுவைக் கையின் நுனியில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பெயர் அங்கேதான் இருக்கிறது. ஒரு கட்டத்தாள், பென்சில், அடிக்கோல், ரப்பர் இருந்தால் போதும்.

படி 1: கேடயம்

15 கட்ட அகலமும் 18 கட்ட உயரமும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கக் கோடுகள் 10 கட்டம் வரை நேராக இறங்கி, பிறகு வளைந்து, கீழே நடுவில் கூராகச் சந்திக்கட்டும்.

படி 2: எளிய சிலுவை

இடப்பக்கம் 6 கட்டம் விட்டு, 3 கட்ட அகலத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை வரையுங்கள்; மேலிருந்தும் 6 கட்டம் விட்டு, அதே அகலத்தில் குறுக்கே இன்னொரு பட்டை வரையுங்கள். கேடயத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பழைய ஆங்கில நூல்கள் சொல்லும் அளவு. சிலுவையின்மேல் வேறு சின்னம் ஏறுமானால் அது மூன்றில் ஒரு பங்காகும். குறுக்குப் பட்டையை உயரத்தின் சரிபாதியில் வைப்பது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. கேடயம் கீழே குறுகுவதால், சற்று மேலே வைத்தால்தான் கண்ணுக்கு நடுவில் இருப்பதாகத் தெரியும். வெள்ளைத் தளத்தில் இதைச் சிவப்பாகத் தீட்டினால், சென்னைக் கோட்டைக்குப் பெயர் தந்த அதே புனித ஜார்ஜின் சிலுவை வந்துவிடும்.

படி 3: கைகளை வெட்டுதல்

நடுச் சதுரத்திலிருந்து நான்கு பக்கமும் 4 கட்டம் மட்டும் விட்டு மீதியை அழித்துவிடுங்கள். கைகள் இனி விளிம்பைத் தொடா. சுவிட்சர்லாந்தின் வெள்ளைச் சிலுவை இவ்வகையே. அதன் ஒவ்வொரு கையும் அகலத்தைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதல் நீளமாக இருக்கவேண்டும் என்று 1889-இல் விதித்தார்கள். இனி வருவன எல்லாம் இந்த வெட்டிய சிலுவையின் நுனியில் செய்யும் வேலைதான் என்பதால், இதை நான்கைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஊன்றுகோல் சிலுவை

ஒவ்வொரு நுனியிலும் 1 கட்டத் தடிப்பில், இருபுறமும் 2 கட்டம் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்குக் கட்டையை வையுங்கள். அக்குளில் வைத்து நடக்கும் ஊன்றுகோலின் தலையைப் போலிருப்பதால் இதற்குப் பொடென்ட் என்று பெயர். நான் முதன்முதலில் வரைந்தபோது கட்டையை 2 கட்டத் தடிப்பாக வைத்துவிட்டேன். அடுத்தடுத்த கட்டைகள் மூலையில் முட்டிக்கொண்டு, சிலுவை போய் ஜன்னல் சட்டம் வந்தது.

படி 5: விரியும் கைகள்

இங்கேதான் நிதானம் தேவை. புதிய பிரதியில் நடுச் சதுரத்தை அழித்து, அதன் மையத்தில் 1 கட்டச் சதுரத்தை மட்டும் குறியுங்கள். அதன் மூலைகளிலிருந்து, நுனியில் 7 கட்ட அகலம் வரும்படி கோடுகளை விரித்து, நுனியை நேர்கோட்டால் மூடினால் பாட்டே சிலுவை கிடைக்கும். 1813-இல் பிரஷ்யாவில் தோன்றிய இரும்புச் சிலுவை இக்குடும்பத்தைச் சேர்ந்தது. மால்டா சிலுவைக்கோ, கைகள் மையத்தில் ஒரே புள்ளியாகக் குவியவேண்டும். ஒவ்வொரு நுனியின் நடுவிலும் 2 கட்ட ஆழத்துக்கு உள்நோக்கிய வெட்டு விழவேண்டும். அப்போதுதான் எட்டு முனைகள் வரும். புனித யோவானின் மருத்துவத் துறவு வீரர்கள் அணிந்தது இதுவே. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் வருந்த வேண்டியதில்லை: 1856-இல் விக்டோரியா சிலுவைப் பதக்கத்தை நிறுவிய அரச ஆணையே அதை மால்டா சிலுவை என்கிறது, பதக்கத்தின் நுனிகளிலோ வெட்டு இல்லை.

படி 6: அலங்கார நுனிகள்

நுனி இரண்டாகப் பிளந்து வெளிப்புறம் சுருண்டால் மோலின். மாவு அரைக்கும் எந்திரக்கல்லின் நடுவிலுள்ள இரும்புத் தாங்கியிலிருந்து வந்த உருவம் அது. ஒவ்வொரு கையும் தானே ஒரு சிறு சிலுவையானால் கிராஸ்லெட். மூவிதழ்க் குமிழ் வைத்தால் பொட்டொனி. இதை மேரிலாந்து மாநிலக் கொடியில் காணலாம். கீழ்க்கையை மட்டும் ஈட்டிபோல் கூராக்கினால் ஃபிட்சி.

படி 7: நிறம்

பொன்னும் (மஞ்சள்) வெள்ளியும் (வெள்ளை) உலோகம். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணம். உலோகத்தின்மேல் உலோகமும் வண்ணத்தின்மேல் வண்ணமும் வரலாகாது என்பது விதி. தூரத்திலிருந்து பார்ப்பவர்க்குச் சின்னம் பளிச்சென்று தெரியவே இது ஏற்பட்டது. பென்சில் மட்டும் இருந்தால் பொன்னுக்குப் புள்ளிகள், சிவப்புக்குச் செங்குத்துக் கோடுகள், நீலத்துக்குக் கிடைக்கோடுகள் இடுங்கள். வெள்ளியை வெறுமையாக விடுங்கள். சிலுவைப் போர்க்கால எருசலேம் அரசின் சின்னத்தைப் பார்த்து உங்கள் படத்தைச் சரிபார்க்க வேண்டாம். நடுவில் படி 4-இன் ஊன்றுகோல் சிலுவை, சுற்றிலும் நான்கு சிறு சிலுவைகள். அத்தனையும் வெள்ளியின்மேல் பொன்.