பாக்டீரியா அழுத்தச் (ஸ்ட்ரெஸ்) சோதனைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர், தன் ஈ.கோலை பாக்டீரியா மியூட்டன்ட் (ஒரு ஜீன் மாறிய ரகம்) ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்குகிறது என்று பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். எனக்குப் பகீரென்றது. இதே பிளேட்டை நானும் ஒரு காலத்தில் காட்டியிருக்கிறேன். லேபிள் ஒட்டாதது, பிப்பெட் மாற்றாதது போன்ற சில்லறைத் தவறுகளைப் பற்றி இங்கே பேசவில்லை.

நேற்றைய கல்ச்சரைச் சுமந்து வருவது

ராத்திரி முழுக்க வளர்ந்து சாப்பாடு தீர்ந்த செல்களில் ஆர்.பி.ஓ.எஸ். என்ற சிக்மா புரதம், அதாவது ஜீன்களை முடுக்கிவிடும் புரதம், குவிந்திருக்கும். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் உட்பட, தாக்குப்பிடிக்க வேண்டிய பலவற்றை அதுதான் தயாரிக்க வைக்கிறது. புது ஊடகத்தில் போட்டு வளரத் தொடங்கியதும் ஆர்.பி.ஓ.எஸ். சிதைக்கப்படுகிறது, அப்போது அதன் அரை ஆயுள் சுமார் 2 நிமிடம். சரி, அது போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் அது செய்து வைத்த கேட்டலேஸ் அங்கேயேதான் இருக்கிறது. செல் பிரியப் பிரியத்தான் அது பங்காகிக் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓ.டி. (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 4 உள்ள கல்ச்சரை 100 மடங்கு நீர்த்தால் 0.04. அதை 0.32-இல் எடுத்தால் மூன்றே முறைதான் பிரிந்திருக்கிறது. பழைய கேட்டலேஸில் எட்டில் ஒரு பங்கு ஒவ்வொரு செல்லிலும் மிச்சம்.

என் மியூட்டன்ட் மெதுவாக வளரும் ரகம். நான் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தேன். ஜீன் மாறாத வைல்டு டைப் மூன்று முறை பிரிந்தபோது மியூட்டன்ட் ஒருமுறைதான் பிரிந்திருந்தது, அதாவது பாதி கேட்டலேஸ் கையில். செல் எண்ணிக்கையைச் சமப்படுத்திவிட்டுப் பெராக்சைடு ஊற்றினேன், மியூட்டன்ட் பிழைத்தது. ஐந்து மாதம் அந்த ஜீனுக்கு விளக்கம் தேடினேன். அப்புறம் 5000 மடங்கு நீர்த்து, ஓ.டி. 0.2 வரை, எட்டுப் பிரிவுகள் விட்டுச் சோதித்தேன். இரண்டும் ஒரே மாதிரி செத்தன. நான் அளந்தது ஜீனை அல்ல, முந்தின ராத்திரியை. இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் "100 மடங்கு நீர்த்து 2 மணி நேரம்" என்று படித்தால் எரிச்சல் வருகிறது.

ஸ்ட்ரெய்னை நம்புவது

ஈ.கோலையின் டபிள்யூ 3110 என்ற ஸ்ட்ரெய்ன் (உள்வகை) பெயரில் சுற்றும் ஸ்டாக்குகளில் சிலவற்றில் ஆர்.பி.ஓ.எஸ். ஜீனே கெட்டுப்போயிருக்கும். காலனிகள் வளர்ந்த பிளேட்டை ஒரு ராத்திரி குளிரில் வைத்து, மேலே அயோடின் ஊற்றுங்கள். ஆர்.பி.ஓ.எஸ். வேலை செய்தால் கிளைக்கோஜன் சேர்ந்து காலனி கரும்பழுப்பாகும். இல்லையென்றால் வெளிறியே நிற்கும். ஐந்து நிமிட வேலை.

ஐஸ் உப்புநீரில் கழுவுவது

37 டிகிரியில் வளர்ந்த செல்களை நேரே ஐஸுக்கா? அதுவே அவற்றுக்குத் தனி அதிர்ச்சி.

பிழைத்ததையெல்லாம் எதிர்ப்பு என்று எழுதுவது

1944-இல் ஜோசப் பிக்கர், பெனிசிலினில் தப்பிய ஸ்டஃபைலோகாக்கஸை மறுபடி வளர்த்து மறுபடி பெனிசிலின் கொடுத்தார். வாரிசுகளும் பழையபடியே செத்தன, சொற்பம் மட்டும் மீண்டும் தப்பியது. அவை மரபணு மாறியவை அல்ல, உறங்கிக் கிடந்தவை. உங்கள் பிளேட்டில் மிஞ்சிய காலனியையும் எடுத்து, வளர்த்து, அதே அளவு மருந்தை இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். அந்த மாணவியின் மிஞ்சிய காலனிகளும் இப்போது இன்குபேட்டரில் இருக்கின்றன, இந்த முறை 5000 மடங்கு நீர்த்து.