பெருநாவல்களை நாள்தோறும் சிறிது சிறிதாக வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் 361 அத்தியாயங்கள் உள்ளன. விக்டர் ஹியூகோவின் 'லே மிசரபிள்' நாவலில் 365. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்றால் ஓராண்டில் முடிந்துவிடும் என்ற கணக்கு பலரை ஈர்க்கிறது. ஆனாலும் தொடங்கியவர்களில் சிலர் பாதியிலேயே நின்றுவிடுவதற்கு, புத்தகத்தின் நீளத்தைவிட அதைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையே காரணம் என்பது என் எண்ணம்.

முதல் தவறு, நாளுக்கு இத்தனை பக்கம் என்று வரையறுத்துக்கொள்வது. பக்கம் என்பது அச்சகத்தாரின் அளவு; ஆசிரியர் எழுதியது அத்தியாயங்களாகத்தான். பத்தாம் பக்கம் வந்துவிட்டது என்பதற்காக ஓர் உரையாடலின் நடுவே மூடிவைத்தால், மறுநாள் யார் யாரிடம் எதற்காகக் கோபித்துக்கொண்டார் என்று தேடுவதிலேயே பாதி நேரம் கழிந்துவிடும். அலெக்சாந்தர் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு' 1844 முதல் 1846 வரை ஒரு பிரெஞ்சு நாளிதழில் தொடர்கதையாக வந்தது. அடுத்த பகுதிக்காக வாசகரைக் காத்திருக்க வைக்கத் தெரிந்த எழுத்து அது. அதைப் பக்கக் கணக்கில் அறுப்பது அந்தக் கைத்திறனையே வீணாக்குவதாகும்.

அதற்காக, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற விதியையும் கண்மூடிப் பின்பற்றக்கூடாது. 'லே மிசரபிள்' நாவலின் இரண்டாம் பாகம் வாட்டர்லூ போரைப் பற்றிய 19 அத்தியாயங்களுடன் தொடங்குகிறது. விதிப்படி போனால், முதன்மைப் பாத்திரங்களைப் பிரிந்து ஏறத்தாழ மூன்று வாரம் போர்க்களத்திலேயே திரிய வேண்டியிருக்கும். பொறுமை இழந்து அப்பகுதியை முழுவதுமாகத் தாண்டிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஏனெனில் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இரவு நேரத்தில் நடக்கும் ஒரு சம்பவம் பின்னால் கதையை வெகுவாகப் பாதிக்கிறது. இத்தகைய இடங்களில் நாளுக்கு மூன்று நான்கு அத்தியாயங்களாக விரைந்து கடப்பதே நல்லது.

பெயர்க் குழப்பம் அடுத்த இடர். ரஷ்ய நாவல்களில் ஒருவரே பல பெயர்களில் வருவார்; 'போரும் அமைதியும்' நாவலின் நடாஷாவே நதாலியா இலினிச்னாவாகவும் ரொஸ்தோவாவாகவும் வருவார். நாளுக்குச் சில பக்கமே வாசிப்பவருக்கு இவை எளிதில் மறந்துவிடும் என்பதால், பலர் இணையத்தில் தேடுகிறார்கள். அங்கே முதல் வரியிலேயே அந்தப் பாத்திரத்தின் முடிவு எழுதப்பட்டிருக்கும். அடையாளத்துக்கு வைக்கும் அட்டையிலேயே பெயர்களையும் உறவுகளையும் குறித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இராது. பதிப்பாசிரியர் முன்னுரையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்: முன்னால் அச்சிட்டிருந்தாலும், கதையின் முடிவை அறிந்தவருக்காக எழுதப்படுவதே பெரும்பாலும் வழக்கம் என்பதால், அதைக் கடைசியில் படியுங்கள்.

நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் ஐந்து அத்தியாயங்களையும் சேர்த்து முடிக்க முயலாதீர்கள். முடிக்கும் தேதியைத் தள்ளிவையுங்கள். இடைவெளி இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால், கடைசியாக வாசித்த அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டு அங்கிருந்து தொடருங்கள்.