பையில் அடங்கும் 25 கட்டை மிடி இசைப்பலகை: கீகேட்டில் வரைவது முதல் கைத்தொலைபேசியில் வாசிப்பது வரை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களில் கூத்துப் பழகும் களரிகளுக்குப் போய், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பாடும் மெட்டுகளைக் கைத்தொலைபேசியில் பதிந்து, அந்த இடத்திலேயே அவற்றுக்குப் பின்னணி இசை அமைத்துப் பார்ப்பது என் வழக்கம். 61 கட்டைகள் கொண்ட கீபோர்ட்டை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாவியைக் கடந்து போவது இயலாத காரியம். தொலைபேசித் திரையில் தெரியும் கட்டைகளோ விரலுக்கு எந்தப் பிடிமானமும் தருவதில்லை. பாடுபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க முடியாது. ஆகவே 10 சென்ரிமீற்றர் சதுரமான மின்சுற்றுப் பலகை ஒன்றில் இரண்டு ஸ்தாயிகளை அடக்கி, தொலைபேசியில் செருகினால் போதும் என்ற நிலையில் ஒரு மிடி இசைப்பலகையை, அதாவது ஒலியை அல்லாமல் சுரங்களின் எண்களை அனுப்பும் பலகையை, நானே வடிவமைத்தேன். அதனைச் செய்த முறையை, நான் இடறிய இடத்தில் கூடுதலாக நின்று, இங்கே எழுதுகிறேன். ஈயம் பிடிக்கவும் மல்டிமீற்றரைப் பயன்படுத்தவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

றாஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்று, 6 மில்லிமீற்றர் அளவுள்ள நான்கு கால் அழுத்து ஆளிகள் 26, 1என்4148 டயோட்கள் 25, பிக்கோவைச் செருகுவதற்கு 20 துளைகள் கொண்ட இணைப்பு வரிசைகள் இரண்டு, தரவு கடத்தக்கூடிய மைக்ரோ யூ.எஸ்.பி. கம்பி ஒன்று. பாடசாலை விஞ்ஞான நூலில் இருவாயி என்று படித்ததும் கடையில் டயோட் என்று கேட்பதும் ஒன்றுதான். ஆளிகளில் ஒன்று கட்டைக்கானது அன்று. அதன் பயன் பின்னர் வரும்.

படி 1: கட்டைகளை 5×5 ஆக அடுக்குதல்

ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் 25 முனைகள் வேண்டும். 5 நிரைகளும் (கிடை வரிசைகள்) 5 நிரல்களுமாக (நெடு வரிசைகள்) அடுக்கினால் 10 முனைகள் போதும். முதற்கட்டைக்கு 0 என்றும் இறுதிக் கட்டைக்கு 24 என்றும் எண் கொடுங்கள். எண்ணை 5 ஆல் வகுத்தால் கிடைக்கும் ஈவு நிரை, மீதி நிரல். நடு ஸ்தாயியின் சி சுரத்துக்கு மிடி முறையில் எண் 60. நமது முதற்கட்டையை 48 என்று வைத்தால் 60 ஆனது 12 ஆவது கட்டையாகி, அடுக்கின் நட்டநடுவில் வந்து அமர்கிறது.

படி 2: டயோட் எதற்கு, அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். நான் தாண்டியதனால் இரண்டு இரவுகளை இழந்தேன். முதல் மாதிரியைத் துளைகளும் செப்புத் தடங்களும் கொண்ட வெரோபோர்ட்டில் டயோட் இல்லாமலே செய்தேன். சி, ஈ, ஜி மூன்றையும் ஒன்றாக அழுத்தினேன். சி மேஜர் சுத்தமாக ஒலித்தது. வேலை முடிந்தது என்று எண்ணினேன். மறுநாள் எஃப் மேஜரை, சி கீழே வருமாறு, சி, எஃப், ஏ என்று பிடித்தபோது நான் தொடாத ஈ கட்டையும் கூடவே ஒலித்தது. ஈயம் வழிந்து இரண்டு தடங்கள் ஒட்டிவிட்டன என்று எண்ணி, ஒவ்வொரு தடத்தையும் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தேன், எங்கும் ஒட்டியிருக்கவில்லை.

காரணத்தைத் தாளில் வரைந்த பிறகுதான் கண்டேன். சி கட்டையின் எண் 0. அது நிரை 0, நிரல் 0 இல் இருக்கிறது. எஃப் 5, நிரை 1, நிரல் 0. ஏ 9, நிரை 1, நிரல் 4. இந்த மூன்றும் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள். நான்காவது மூலையான நிரை 0, நிரல் 4 இல் இருப்பது 4 ஆவது கட்டை, அதாவது ஈ. மின்னோட்டம் நிரல் 4 இலிருந்து ஏ ஆளி வழியாக நிரை 1 க்கு வந்து, அங்கிருந்து எஃப் ஆளி வழியாகப் பின்னோக்கி நிரல் 0 க்கு ஏறி, சி ஆளி வழியாக நிரை 0 ஐ அடைகிறது. ஈ அழுத்தப்பட்டதாகப் பிக்கோ நம்பிவிடுகிறது. சி, ஈ, ஜி மூன்றும் வெவ்வேறு நிரல்களில் இருப்பதால் அங்கே செவ்வகம் உருவாகவில்லை. அந்தச் சோதனை என்னை ஏமாற்றியது அதனால்தான்.

ஒவ்வோர் ஆளியுடனும் தொடராக ஒரு டயோட்டை வைத்தால், நிரலிலிருந்து நிரைக்கு மட்டுமே மின்னோட்டம் போகும். எஃப் ஆளியின் அந்தப் பின்னோக்கிய ஏற்றம் அடைபடும். 1என்4148 இன் கண்ணாடி உடலிலுள்ள கறுப்பு வளையம், மின்னோட்டம் வெளியேறும் முனையான கதோட்டைக் குறிக்கிறது. வளையம் நிரையைப் பார்க்க வேண்டும். இதனை மனத்தில் நிறுத்த விரும்பினால், நான்கு ஆளிகளும் நான்கு டயோட்களும் கொண்ட சிறு சுற்று ஒன்றை ஃபால்ஸ்டாட் உருவகப்படுத்தியில் வரைந்து பாருங்கள். அது உலாவியிலேயே இயங்குவதால் பஸ்ஸில் இருந்துகொண்டு தொலைபேசியிலும் செய்யலாம். மூன்று ஆளிகளை மூடியதும் நான்காவது வழியில் ஓட்டம் தோன்றுவதையும், டயோட் வைத்ததும் அது நின்றுபோவதையும் கண்ணால் காணலாம்.

படி 3: கீகேட்டில் வரைதல்

தொலைபேசியில் முழுப் பலகையையும் வரைய முயன்றவர்களில் நானும் ஒருவன். உலாவியில் இயங்கும் ஈசிஈடிஏ போன்றவை சிறு திரையில் திறக்கும் என்றாலும், தடம் இழுக்கும் நுணுக்கம் விரலுக்கு வாய்ப்பதில்லை. எண்ணத்தைத் தொலைபேசியில் சோதியுங்கள். பலகையை மடிக்கணினியில், மின்சுற்றுப் பலகை வரையும் மென்பொருளான கீகேட்டில் வரையுங்கள். 1992 இல் பிரான்சைச் சேர்ந்த ஜான்-பியேர் ஷரா தொடங்கிய இந்த மென்பொருள் முற்றிலும் இலவசமானது. கோப்புகள் நம் கணினியிலேயே இருப்பதால் இணையம் இல்லாத வேளையிலும் வேலை நிற்பதில்லை. இதற்காகவே நான் வேறெதையும் பரிந்துரைப்பதில்லை.

சுற்றுப்படத்தில் ஓர் ஆளியையும் ஒரு டயோட்டையும் வரைந்து, மொத்தம் 25 இணைகள் ஆகும்வரை அதனை நகலெடுங்கள். ஒவ்வோர் இணையும் ஆளிப் பக்கம் நிரலிலும், டயோட்டின் கதோட்டுப் பக்கம் நிரையிலும் சேர வேண்டும். கீகேட்டில் டயோட்டின் 1 ஆம் முனை கதோட்டு ஆகும். பலகையில் சதுரமாகத் தெரியும் ஈயத்திட்டு அதுதான். நிரல்களைப் பிக்கோவின் ஜிபி2 முதல் ஜிபி6 வரையும், நிரைகளை ஜிபி7 முதல் ஜிபி11 வரையும் இணையுங்கள். ஜிபி எண்ணும் காலின் வரிசை எண்ணும் ஒன்றல்ல: ஜிபி2 இருப்பது 4 ஆவது காலில். எஞ்சிய 26 ஆவது ஆளியை ஜிபி15 க்கும் புவித் தொடுப்புக்கும் இடையே போடுங்கள்.

ஆளிகளை 12.5 மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்தால், மேல் ஸ்தாயியின் எட்டு வெள்ளைக் கட்டைகளும் 100 மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். கீழ் ஸ்தாயியை அதற்கு அடியில் இன்னொரு வரிசையாக வைக்கலாம். பலகையின் அளவு 100×100 ஐத் தாண்டினால் அச்சிடும் செலவு சட்டென்று ஏறுவதனால்தான் இந்த இரண்டு அடுக்கு அமைப்பு. இறுதியில் விதிச் சோதனையை ஓட்டி, பிழை ஒன்றும் இல்லை என்று வந்த பிறகே, பலகை அச்சிடுபவருக்கு அனுப்பும் ஜேர்பர் கோப்புகளை எடுங்கள்.

படி 4: தாளில் அச்சிட்டு அளத்தல்

பலகைக்குப் பணம் கட்டுமுன் வரைபடத்தை 1:1 அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, உறுப்புகளின் கால்களை அதில் குத்திப் பாருங்கள். பிக்கோவின் இரு கால் வரிசைகளுக்கும் இடையே 17.78 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். நான் நகரில் ஒரு கடையில் அச்சிட்டபோது தாளுக்குப் பொருந்துமாறு படம் சிறுத்துவிட்டது. என் வடிவமைப்புத்தான் பிழை என்று எண்ணி, சரியாக இருந்ததைத் திருத்தப் போனேன். முதலில் பலகையின் ஓரத்தை அடிமட்டத்தால் அளந்து 100 மில்லிமீற்றர் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

ஈயம் பிடிக்கும்போது டயோட்கள் முதலில், ஆளிகள் பிறகு. ஆளியின் நான்கு கால்களில், 6.5 மில்லிமீற்றர் தள்ளியிருக்கும் இரண்டும் உள்ளேயே இணைந்தவை என்பதை நினைவில் வையுங்கள். வெரோபோர்ட்டில் அதைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் கட்டை எப்போதும் அழுத்தப்பட்டபடியே இருக்கும். கல்லடி, களுவாஞ்சிகுடி, திருக்கோவில் என்று கடலோரத்தில் இருப்பவர்கள், முடித்த பலகையின் பின்புறத்தைத் துடைத்து உலர்த்தி, நிறமற்ற லாக்கரை மெல்லியதாகப் பூசுங்கள். உப்புக்காற்று ஈயப் பொருத்துகளை அரிப்பதைக் கண்டிருக்கிறேன். ஆளிகளுக்குள் லாக்கர் இறங்காமல் ஒட்டுநாடாவால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: செய்நிரல்

பிக்கோவிலுள்ள பூட்செல் பொத்தானை அழுத்தியபடி கணினியில் செருகி, தோன்றும் இயக்ககத்தில், பைதன் மொழியில் செய்நிரல் எழுத உதவும் சேர்கிட்பைதன் கோப்பைப் போடுங்கள். அதிலுள்ள கீபேட் தொகுதி, அடுக்கைத் தானே வருடிக் கட்டை எண்ணைத் தருகிறது. வெளித் தடையிகள் தேவையில்லை. கட்டை அழுத்தப்பட்டால் 144, கட்டை எண்ணுடன் 48 ஐக் கூட்டிய தொகை, 100 என்ற மூன்று எண்களை மிடி வாயிலுக்கு அனுப்புங்கள்; விடுபட்டால் முதல் எண் 128, கடைசி எண் 0. மிடி 1983 இல் வெளிவந்த போதிருந்தே இந்த மூன்று எண் முறை மாறவில்லை. 100 என்பது அழுத்தத்தின் வலிமை. இந்த ஆளிகள் விரலின் வேகத்தை உணராதவை என்பதால் எல்லாச் சுரமும் ஒரே வலிமையில் ஒலிக்கும். அண்ணாவியார் சுருதியை அரைப்படி உயர்த்தினால் 48 ஐ 49 ஆக்கினால் போதும்.

கீபேட் தொகுதிக்கு நிரல்கள், மின்னோட்டம் நுழையும் அனோட்டுப் பக்கம் உள்ளனவா என்று கூறும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் இயல்பு விடை ஆம். என் இரண்டாவது பலகையில் 25 டயோட்களையும் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். ஒரு கட்டையும் ஒலிக்கவில்லை. அந்த விடையை இல்லை என்று மாற்றியதும் அனைத்தும் ஒலித்தன. ஆகவே எல்லாக் கட்டைகளும் மௌனமாக இருந்தால் ஈயம் உருக்கும் கருவியைத் தொடாதீர்கள். முதலில் அமைப்பை மாற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் மௌனமாக இருந்தால் அந்த டயோட்கள் திரும்பியிருக்கக்கூடும். ஒலித்த பிறகு சி, எஃப், ஏ மூன்றையும் கட்டாயம் பிடித்துச் சோதியுங்கள்.

படி 6: தொலைபேசியில் செருகுதல்

ஆண்ட்ராய்டு 6.0 முதலான பதிப்புகள் யூ.எஸ்.பி. மிடியை ஏற்கின்றன. தொலைபேசியில் யூ.எஸ்.பி. கருவிகளைச் செருக உதவும் ஓ.டி.ஜி. இணைப்பி வழியாகச் செருகி, எஃப்.எல். ஸ்டூடியோ மொபைல் என்ற இசைச் செயலியைத் திறந்தால் பலகையை அது அடையாளம் காணும். ஐபோனில் கராஜ்பேண்ட் போதும். புளூடூத் காதுக்கருவியில் ஒலி பிந்தி வரும் என்பதால் கம்பியுள்ளதையே பயன்படுத்துங்கள்.

பிற்சேர்க்கை

இதனைச் செய்து பார்த்த சிலர் தெரிவித்த மூன்று சிக்கல்களைச் சேர்க்கிறேன். பலகை தொலைபேசியில் தென்படவே இல்லை என்றவர்களிடம் இருந்தது மின்னேற்ற மட்டுமே பயன்படும் கம்பி. கணினியில் இயக்ககம் தோன்றுகிறதா என்று பார்த்தால் கம்பியின் தன்மை தெரிந்துவிடும். தொலைபேசி அமைப்பில் மிடி என்ற தெரிவைத் தேடியவர்கள் அதனை விட்டுவிடலாம். அது தொலைபேசியையே கணினிக்கு ஓர் இசைக்கருவியாகக் காட்டுவதற்கானது.

மூன்றாவது, செருகும்போதெல்லாம் புதிய சேமிப்பகம் என்ற அறிவிப்பு வந்து திரையை மறைப்பது. தொடக்கக் கோப்பான பூட் பைதனில் யூ.எஸ்.பி. இயக்ககத்தை முடக்கினால் அது நின்றுவிடும். ஆனால் முடக்கிய பிறகு கணினியில் இயக்ககத்தைத் திறந்து செய்நிரலைத் திருத்த முடியாது. ஒருவர் இவ்வாறு வெளியே அகப்பட்டு, நினைவகம் முழுவதையும் அழித்து மறுபடி தொடங்க நேர்ந்தது. 26 ஆவது ஆளி இதற்காகத்தான்: ஜிபி15 இன் உள் இழுதடையியை (முனையை உயர் நிலையில் நிறுத்துவதை) இயக்கி, அந்த ஆளி அழுத்தப்படாதிருந்தால் மட்டும் இயக்ககத்தை முடக்குமாறு எழுதுங்கள். அதனை அழுத்தியபடி கணினியில் செருகினால் கோப்புகள் மீண்டும் தெரியும்.